இடது காதில் இறங்கிய லிஃப்ட்

இதைக் கதை என்று நினைத்துப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எதையும் கூட்டவில்லை. ஒன்றிரண்டு விஷயங்களைக் குறைத்திருக்கிறேன்.

சம்பந்தப்பட்டவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷமாக அதுதான் தொழில். நாலு பக்கமும் சுவர், கீழே ஆழம், தலைக்கு மேல் ஒரு டன் பெட்டி... அதற்குள் தனியாக இறங்கி கிரீஸ் தடவிவிட்டு வருகிற ஆள். பேய் என்றால் வாய்விட்டுச் சிரிப்பார். "பேய் வந்தா படியேறித்தான் வரணும், லிஃப்ட் என் கையில இருக்கு" என்பார்.

இப்போது அவர் அந்த நகைச்சுவையைச் சொல்வதில்லை.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது காதுக்குள் யாரோ பஞ்சை வைத்து அடைத்தது போல இருந்தது. அடுத்த நொடி குளியலறை சுற்ற ஆரம்பித்தது. தலைசுற்றல் என்று நாம் சொல்கிறோமே, அது இல்லை. சுவர் சுற்றியது. குழாய் சுற்றியது. தரை எழுந்து வந்து அவர் முகத்தில் அடித்தது. வாஷ்பேசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மனைவியைக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரல் ஒரு பக்கம்தான் கேட்டது.

மனைவி வீட்டிலேயே தையல் தைப்பவர். போட்டது போட்டபடி ஓடிவந்து, தன் தம்பிக்குப் போன் போட்டு, இரண்டு பேருமாக அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தத் தம்பியும் லிஃப்ட் மெக்கானிக்தான். அக்கா புருஷனிடம்தான் தொழில் கற்றான். ஒரே கம்பெனி, ஒரே வண்டி, ஒரே சாப்பாட்டு டப்பா. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆன பிறகும் வாய் மட்டும் அடங்கவில்லை.

காது டாக்டர் ஒரு அம்மா. வயது ஐம்பதுக்கு மேல். நிதானமாகப் பேசுவார். எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு, மேஜையில் இருந்த பிளாஸ்டிக் காதைத் திறந்து காட்டினார்.

"உள்காது ஒரு சின்ன வீடு மாதிரி. இதோ நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கே, இதுலதான் சத்தம் கேக்குது. இந்த மூணு வளையம், தலையை இப்படி அப்படித் திருப்பினா சொல்லும். வளையத்துக்கு அடியில ரெண்டு சின்னப் பை இருக்கு பாருங்க. அதுக்குள்ள மணல் மாதிரி பொடிக் கல்லு."

"கல்லா?"

"ஆமா. நீங்க அசைஞ்சா கல்லு நகரும். லிஃப்ட்ல கண்ணை மூடிட்டு நின்னாலும் மேல போறோமா கீழ போறோமான்னு தெரியுதில்ல? அதைச் சொல்றது இந்தக் கல்லுதான்."

மெக்கானிக் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இத்தனை வருஷம் லிஃப்டோடு பிழைத்தவர். அதை அறிகிற உறுப்பு தன் தலைக்குள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"இந்த வீடு முழுசுக்கும் ரத்தம் கொண்டுவர்றது மயிரிழை மாதிரி ஒரே ஒரு குழாய். உங்களுக்கு இடது பக்கம் அது அடைச்சுப் போச்சு. நத்தையும் போச்சு, வளையமும் போச்சு, பையும் போச்சு. தலைசுத்தல் சரியாயிடும். மீதி இருக்கிற காது, கண்ணு, பாதம் மூணையும் வச்சு மூளை சமாளிச்சுக்கும். ஆனா அந்தக் காது..."

"திரும்பாதா?"

"செத்துப்போச்சு."

டாக்டர் சொன்ன சொல் அதுதான். அவர் அதை மறக்கவில்லை.

வெளியே வந்ததும் மைத்துனன் சூழ்நிலையைச் சரிசெய்யப் பார்த்தான். "கவலைப்படாதீங்க மாமா. இனிமே அக்கா திட்ட ஆரம்பிச்சா இடது பக்கத்தைக் காட்டிருங்க."

"நான் வலது பக்கம் வந்து திட்டிக்கிறேன், நீ வாயை மூடு" என்றார் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

தலைசுற்றல் மெல்ல மெல்லக் குறைந்தது. தலையணை மேல் நின்று கண்ணை மூடிப் பழகினார். தலையை ஆட்டிக்கொண்டே கூடத்தில் நடந்து பழகினார். வெளிச்சத்தில் சமாளித்துவிடுவார். இருட்டில் மட்டும் கால் தடுமாறும். கம்பெனியில் லிஃப்ட் குழிக்குள் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தார். மதியம் சாப்பிட்டதும் சோபாவில் படுப்பார்.

அப்படிப் படுத்ததில் ஒரு விஷயம் கண்டுபிடித்தார். வலது பக்கமாக ஒருக்களித்து, நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டால் உலகமே நின்றுவிடும். தையல் மிஷின் சத்தம் இல்லை. தெருவில் ஹாரன் இல்லை. பக்கத்து வீட்டு நாய் இல்லை. கிணற்றுக்குள் படுத்த மாதிரி அமைதி. முதலில் அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் மதியம். அதே சோபா. அதே அமைதி.

டக்.

கண்ணைத் திறந்தார். யாரும் இல்லை. மனைவி ஜன்னலோரம் மிஷினில் குனிந்திருந்தார். சக்கரம் சுற்றுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. நல்ல காது தலையணைக்குள்தான் இருந்தது.

அப்படியானால் அந்த 'டக்' எந்தக் காதில் கேட்டது?

அது என்ன சத்தம் என்பது அவருக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். லிஃப்ட் கிளம்புமுன் பிரேக் விடுபடும் சத்தம்.

சோபா இறங்க ஆரம்பித்தது.

சுற்றவில்லை. சாயவில்லை. நேராகக் கீழே இறங்கியது. முதலில் ஒரு சின்ன உதறல். பிறகு சீரான வேகம். மோட்டாரின் முனகல். கண்ணெதிரே ஜன்னல் இருந்த இடத்தில் இருக்கிறது, மனைவி இருந்த இடத்தில் இருக்கிறார். ஆனால் வயிறு இறங்குகிறது, பாதம் இறங்குகிறது. நடுவில் ஓரிடத்தில் இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம்.

டொக்... டொக்-டொக்.

பிறகு வேகம் தணிந்து, மெதுவாக நின்றது.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். தையல் மிஷின் சத்தம் வலது காதில் பாய்ந்தது.

"என்னங்க, வேர்த்திருக்கு?"

"ஒண்ணுமில்ல. கனவு."

கனவு இல்லை என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் அந்தப் பக்கமாகப் படுக்கவில்லை. மூன்றாம் நாள் அசதியில் தன்னை அறியாமல் திரும்பிப் படுத்துவிட்டார்.

டக்.

இறங்கியது. டொக்... டொக்-டொக். நின்றது. இந்த முறை எழுந்திருக்க முடியவில்லை. கை கால் அசையவில்லை. கதவு விலகும் சத்தம் கேட்டது. உருளைகள் துருப்பிடித்த கதவு. கொஞ்சம் சிணுங்கியது.

அதன்பின்... சோபா அரை விரல் தணிந்தது.

லிஃப்டில் நின்றிருக்கும்போது வேறொருவர் ஏறினால் பெட்டி லேசாக அமுங்கும். நமக்குத் தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரியும். ஏறியவர் பருமனா ஒல்லியா என்றுகூட அவர் சொல்லிவிடுவார்.

யாரோ ஏறியிருக்கிறார். அவருக்கு இடது பக்கத்தில் நிற்கிறார்.

மனைவி வந்து தோளை உலுக்கியபோது அவர் கண் திறந்துதான் இருந்தது.

மறுவாரம் டாக்டரிடம் போனார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை.

"காலை எடுத்தவங்களுக்கு இல்லாத கால் வலிக்கும். கேள்விப்பட்டிருப்பீங்க. அதே மாதிரிதான். காதுல இருந்து சேதி வரல. வராத இடத்தை மூளை தனக்குத் தெரிஞ்சதை வச்சு நிரப்புது. உங்களுக்குத் தெரிஞ்சது லிஃப்ட். தையல்காரங்களா இருந்தா மிஷின் கேட்டிருக்கும்."

அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மனைவி, "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே" என்றார். மனைவி அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"எதுக்கும் ஒரு தடவை பாத்துருவோம்" என்றார் டாக்டர்.

சத்தம் புகாத அறையில் வைத்துக் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். இடது பக்கம் சுத்தமாக ஒன்றுமில்லை. பிறகு கண்ணை முழுக்க மூடும் ஒரு கண்ணாடியை மாட்டினார்கள். உள்ளே கும்மிருட்டு. அதற்குள் இருக்கும் கேமரா கண்ணின் அசைவைத் திரையில் காட்டும். காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் விட்டால், உயிருள்ள காது என்றால் தலை சுற்றும், கண் ஆடும். வலது காதில் விட்டபோது ஊரே சுற்றியது. இடது காதில் விட்டார்கள். சில்லென்று இருந்தது. அவ்வளவுதான். சுற்றவில்லை.

"நல்லது. அப்படியே இருங்க. இன்னும் ஒரு நிமிஷம்."

இருட்டு. அமைதி.

டக்.

படுக்கை இறங்கியது.

"கண்ணை அசைக்காதீங்க" என்றார் டாக்டர்.

"நான் அசைக்கலையே."

"மேல போகுது உங்க கண்ணு. நேரா வைங்க."

"நான் எதுவும் பண்ணல டாக்டரம்மா..."

டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போகிற சத்தம் வலது காதில் கேட்டது. இடது காதில்... டொக். டொக்-டொக். நின்றது. கதவு சிணுங்கியது. அமுங்கியது.

"இப்ப எதுக்கு இடது பக்கம் பாக்கிறீங்க?" டாக்டரின் குரல் மாறியிருந்தது. "யாரைப் பாக்கிறீங்க?"

கண்ணாடியைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்தார். இடது பக்கம் வெள்ளைச் சுவர். ஒரு தண்ணீர்க் குவளை.

டாக்டர் திரையை அணைத்தார். நிஜமாகவே கீழே இறங்குகிறவர்களின் கண்தான் அப்படி மேலே ஏறும் என்று மட்டும் சொன்னார். தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். மாமாவுக்குப் பொழுதுபோக வேண்டும் என்று அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். பழுதான லிஃப்டின் சத்தத்தைப் போனில் பதிந்து வருவான். அவர் வலது காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு", "ரோப் தளர்ந்திருக்கு" என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

"மாமா, இது புது வேலை. ஏழு மாடிக் கட்டடம். வேற கம்பெனி பாத்துட்டிருந்தது, விட்டுட்டுப் போயிட்டாங்க. ரொம்ப நாளா ஓடலை. இதுல ஒரு தட்டுச் சத்தம் வருது, பிடிபடவே மாட்டேங்குது. கேளுங்க."

போனைக் காதில் வைத்தார்.

டக்.

முனகல்.

டொக்... டொக்-டொக்.

போன் கையிலிருந்து விழுந்தது.

"என்ன மாமா?"

"இது எந்தக் கட்டடம்?"

கிடங்குகள் இருக்கும் தெருவில் என்றான். அவர் அந்தத் தெருவுக்குள் போனதே இல்லை. அந்த லிஃப்டை ஒரு நாளும் தொட்டதில்லை. தெரிந்ததை வைத்துத்தானே மூளை நிரப்பும் என்றார் டாக்டர்? தெரியாத லிஃப்டின் சத்தம் எப்படி வந்தது?

"மாப்ள, அந்த வேலைக்குப் போகாத."

"ஏன், ரோப்பா? பிரேக்கா?"

என்னவென்று சொல்வது? "சும்மா சொல்றேன். போகாத."

"சும்மாவெல்லாம் லீவு குடுக்க மாட்டாங்க மாமா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் மதியம் அவர் வேண்டுமென்றே வலது பக்கமாகப் படுத்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தைரியமா, பயமா என்று தெரியாது. அந்த லிஃப்ட் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

டக். இறக்கம். தட்டல். நின்றது. கதவு.

அமுங்கியது.

பக்கத்தில் யாரோ நிற்கிறார். மூச்சு கேட்டது. செத்த காதுக்குள், வெகு அருகில்... நிதானமான மூச்சு.

"யாரு?" என்றார்.

"ம்."

அவ்வளவுதான். ஒரே ஒரு 'ம்'. ஆணா பெண்ணா என்று தெரியாத குரல்.

கதவு மூடியது. மறுபடி இறங்கியது. இந்த முறை சீராக இல்லை. வேகம் கூடியது. இன்னும் கூடியது. முனகல் ஊளையாக மாறியது. பிறகு எந்தப் பிடியும் இல்லை. விழுந்தது.

யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல சோபாவிலிருந்து தூக்கி எறியப்பட்டார். மேஜை விளிம்பில் நெற்றி மோதியது. மனைவி ஓடிவந்து தைத்துக்கொண்டிருந்த துணியாலேயே ரத்தத்தை அழுத்தினார்.

"போனை எடு. உன் தம்பிக்குப் போடு."

மைத்துனன் உடனே எடுத்தான். "இங்கதான் மாமா இருக்கேன். எல்லாம் மாட்டியாச்சு. ஒவ்வொரு மாடியா நிறுத்திப் பாக்கப் போறேன். உள்ள போனா சிக்னல்..."

துண்டித்துக்கொண்டது. மறுபடி போட்டார்கள். எடுக்கவில்லை.

"அவனுக்கு என்னங்க? சொல்லித் தொலைங்க!"

"வழியில சொல்றேன். வா."

ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி டிரைவரிடம், "இன்னும் வேகமாப் போங்க அண்ணா" என்றார்.

கட்டடத்து வாசலில் ஒரு காவலாளி. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். "லிஃப்ட்காரர் மேல இருக்காருங்க. ஏழாவது மாடி" என்றார். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு மூடியிருந்தது. தட்டினார்கள், கத்தினார்கள். பதில் இல்லை. மணி மூன்றரை. வெளியே நல்ல வெயில்.

"நீ இங்கயே நில்லு. லிஃப்ட் வந்தா அவனை வெளிய இழு. நீ மட்டும் உள்ள கால் வைக்காத."

படிக்கட்டில் ஜன்னல் இல்லை. இரண்டாவது மாடிக்கு மேல் விளக்கும் இல்லை. அவருடைய உடம்புக்கு இருட்டு ஆகாது என்று சொன்னேன் அல்லவா? படி எங்கே, காற்று எங்கே என்று பாதத்துக்குப் புரியவில்லை. சுவரில் உடம்பை ஒட்டிக்கொண்டு ஏறினார். சில இடங்களில் தவழ்ந்தார். நெற்றியில் கட்டிய துணி நனைந்து கண்ணில் இறங்கியது.

மூன்று. நான்கு.

ஐந்தாவது மாடியில் கால் வைத்தபோது, மேலே... டக்.

வலது காதில் கேட்டது. நிஜச் சத்தம். பெட்டி இறங்கி வந்தது. டொக்... டொக்-டொக். ஐந்தாவது மாடியில் நின்றது.

கதவு சிணுங்கிக்கொண்டே திறந்தது.

உள்ளே வெளிச்சம். மைத்துனன் முதுகைக் காட்டிக்கொண்டு, பொத்தான் பலகைக்குள் டார்ச் அடித்துக் குனிந்திருந்தான். பத்தடி தூரம். அவருக்கு மூச்சு வாங்கியது. குரல் எழவில்லை.

பெட்டி அரை விரல் அமுங்கியது.

அவர் பார்த்தார். தன் கண்ணால் பார்த்தார். வாசல் விளிம்பும் பெட்டி விளிம்பும் நேராக இருந்தன. பெட்டி விளிம்பு தணிந்தது.

மைத்துனன் திரும்பாமலே கேட்டான்.

"ஏறிட்டீங்களா மாமா?"

அவர் வாயைத் திறக்கவில்லை.

"சரி, கதவை மூடுறேன்."

எப்படிப் பாய்ந்தார் என்று அவருக்கே தெரியாது. சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. இரண்டு பேரும் வெளியே தரையில் விழுந்தார்கள். டார்ச் உள்ளே உருண்டது.

"மாமா! கீழ உங்க குரல் கேட்டுச்சே... நீங்க உள்ள இருந்தீங்க இல்ல?"

"நான் ஏறல."

"'ம்'னு சொன்னீங்களே!"

கதவு மூடியது.

மைத்துனன் முகம் வெளுத்தது. லிஃப்ட் சோதனைச் சாவியில் இருந்தது. அந்தச் சாவியில் இருக்கும்போது பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கதவு மூடும், பெட்டி நகரும். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

டக்.

நகர்ந்தது.

யாரோ விரலை எடுக்கவே இல்லை.

முனகல் கீழே போனது. நாலு. மூணு. முதல் முறையாக அவருக்கு இரண்டு காதிலும் ஒரே சத்தம் கேட்டது. இடதும் வலதும்.

ரெண்டு. ஒண்ணு.

கீழ்த்தளம்.

வலது காதில் பெட்டி நின்றது. மனைவி கீழிருந்து ஏதோ கத்துவது கேட்டது.

இடது காதில் நிற்கவில்லை.

இறங்கியது. இன்னும் இறங்கியது. அந்தக் கட்டடத்தில் கீழ்த்தளத்துக்குக் கீழே வேறு தளம் கிடையாது. கீழே மண்தான். இடது காதில் மட்டும் அது போய்க்கொண்டே இருந்தது... மெலிந்து... மெலிந்து...

பிறகு செத்த காது செத்த காதாகவே ஆனது.

கீழே வந்து பார்த்தார்கள். மனைவி சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். "கதவு திறந்துச்சு. டார்ச் மட்டும் கிடந்துச்சு. யாரும் இல்ல" என்றார். தம்பியின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அவன் அந்த வேலையை அன்றே உதறினான். கம்பெனி வேறு ஆளை அனுப்பி முழுதாகச் சோதித்தது. ரோப், பிரேக், மோட்டார் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு குறையும் கிடைக்கவில்லை.

அதன்பின் அவருக்கு அந்தச் சத்தம் வரவே இல்லை. எந்தப் பக்கம் படுத்தாலும் அமைதி.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து டாக்டரிடம் வழக்கமான பரிசோதனைக்குப் போனார். லிஃப்ட் இன்னும் வருகிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார். அப்புறம் மனசு கேட்காமல், நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார். கிடங்குத் தெரு, ஏழு மாடிக் கட்டடம் என்று சொன்னபோதே டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அஞ்சாவது மாடியா?"

மாடி எதுவென்று அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பேர் சொல்லக் கூடாது, ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று ஆரம்பித்தார்.

உங்களைப் போல இடது உள்காது முழுக்கச் செத்துப்போனவர் எனக்கு இதற்குமுன் ஒரே ஒருவர்தான். கணக்கு எழுதுகிறவர். ஆபீஸ் அந்தக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி. படுத்தால் லிஃப்ட் இறங்குகிறது, யாரோ ஏறிப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றார். மூளை செய்கிற வேலை என்று உங்களிடம் சொன்னதைத்தான் அவரிடமும் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார்.

"இப்ப எங்க இருக்கார்?"

"இல்ல. அந்த லிஃப்ட் குழியில விழுந்துட்டார். அதுக்கப்புறம்தான் அதை மூடினாங்க. வெளிய தெரிஞ்சா வாடகைக்கு ஆள் வராதுன்னு மறைச்சுட்டாங்க. அவர் சம்சாரம் சொல்லித்தான் எனக்கே தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க பல் தேய்க்கும்போது விழுந்தீங்களே... அதுக்கு மொத நாள் சாயங்காலம்."

மெக்கானிக் கேட்டார். "அவர் உயிரோட இருக்கும்போதே அவருக்கும் யாரோ ஏறினாங்கன்னா... அது யாரு?"

டாக்டர், அவர் விழுந்தபோது பக்கத்தில் இருந்த ஆபீஸ்காரர் ஒருவர் பார்த்ததை மட்டும் சொன்னார்.

கணக்கு எழுதுகிறவர் வேலை முடிந்து லிஃப்டுக்காகக் காத்து நின்றாராம். கதவு திறந்ததாம். அவர் இடது பக்கம் திரும்பி, "நீங்க மொதல்ல ஏறுங்க" என்று ஒதுங்கி வழிவிட்டாராம். அங்கே யாருமில்லை. சற்றுப் பொறுத்து, "ஏறிட்டீங்களா?" என்று கேட்டாராம். பதில் கிடைத்தது போலத் தலையாட்டினாராம்.

பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தார்.

கதவு திறந்துதான் இருந்தது. பெட்டி வந்திருக்கவில்லை.